சுவருக்குப் பின்னால் யார்?

டெக்சாஸில் எங்கள் பேர்லேண்ட் ஊர் வாட்ஸ்அப் குழுவில் யாரோ ஒரு ‘திருடன்’ வீடியோ போட்டார்கள். பார்சல் கொடுக்க வந்தவர் வீடு மாறிப்போய்விட்டார் என்று பிறகு தெரிந்தது. அதற்குள் நான் ஷாட்கன் வாங்கிவிட்டேன். கரப்பான் பூச்சிக்கே மனைவியைக் கூப்பிடும் வீரன் நான்.

தோட்டா வாங்கப் போன கடையில்தான், என்னைப் போலவே வாங்க வந்திருந்த அந்தத் தமிழரைப் பார்த்தேன். நெற்றி நிறையத் திருநீறு. கோவிலிலிருந்து நேராக வந்திருப்பார் போல. பேச்சுக்கு நடுவே பக்கத்தில் இருப்பதை விரலால் தட்டிவிட்டு, ஒரு நொடி காது கொடுப்பார்.

நான் மான் படம் போட்ட பெட்டியை எடுத்திருந்தேன். மானே விழுமென்றால் திருடன் எம்மாத்திரம்!

“சார், அது பெரிய குண்டு. திருடன் ஹால்ல நிக்கிறான்னு வைங்க. அவனுக்குப் பின்னாடி யார் ரூம்?”

“என் பொண்ணு ரூம். நடுவுல சுவர் இருக்கே?”

அவர் ஓர் அட்டைப் பெட்டியைத் தட்டினார். “இங்க சுவர்னா இதான் சார். மெட்ராஸ் செங்கல்னு நெனச்சு ஷூட் பண்ணிடாதீங்க.”

கை சுட்டதுபோல் பெட்டியைத் திரும்ப வைத்தேன். அவர் கூடையிலோ அதே மான்.

“அப்ப நீங்க?”

“எங்க வீட்ல எந்தச் சுவருக்குப் பின்னாடியும் ஆள் இல்ல சார்,” என்று சிரித்துக்கொண்டே பில் போடப் போனார்.

வீட்டுக்கு வந்து மகளின் அறைச் சுவரைத் தட்டினேன். “வாட், அப்பா?” என்று எரிந்து விழுந்தாள். அவர் தட்டிவிட்டு எதற்குக் காது கொடுத்தார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.