ஓபோவுக்கும் பஸூனுக்கும் ஒரு பாட்டு

எங்கள் சித்தப்பா ஓபோ வாசிப்பார். ஓபோ என்றால் பம்பாய் மாதுங்காவில் யாருக்குத் தெரியும்? கறுப்பாக, உடம்பெல்லாம் வெள்ளிச் சாவிகளோடு, சீமையில் பிறந்த நாயனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரயில்வே ஆபீஸ் குமாஸ்தாவான அவருக்கு இந்தப் பைத்தியம் பிடித்ததற்கு மாஹிமில் இருந்த ஒரு கோவாக்கார பாண்டு மாஸ்டர்தான் காரணம். வாயில் வைக்கும் சீவாளியைத் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். எச்சிலாயிற்றே! அம்மா அதற்கென்று ஒரு டம்ளரை ஒதுக்கிப் பால்கனி மூலையில் தள்ளிவிட்டாள். மறந்துபோய் அதை உள்ளே கொண்டுவந்தால் சித்தப்பாவுக்கு அன்றைக்குக் காப்பி கிடையாது.

கீழ்த்தளத்தில் ஒரு பல் டாக்டர் குடியிருந்தார். வியன்னாக்காரர், யூதர். நாஜிகளிடமிருந்து தப்பித்து வந்தவர். யுத்தம் ஆரம்பித்த புதிதில், ஜெர்மன் பேசுகிறார் என்று இங்கேயும் போலீஸ் பிடித்து வைத்திருந்து, பிறகு விட்டுவிட்டது. ஓடிவந்த அவசரத்தில் மனுஷன் கையில் கொண்டுவந்தது பல் பிடுங்கும் குறடுகளும் ஒரு பஸூனும்தான். பஸூனும் ஓபோ மாதிரி ஊதுகிற வாத்தியம்தான், ஆனால் என்னைவிட உயரம். குரலோ அடிவயிற்றிலிருந்து வரும். “எருமைக்கு வயித்து வலி போலிருக்கே, வைத்தியம் பண்ணப்படாதோ?” என்பார் அப்பா. ஆனாலும் டாக்டர் வாசிக்கும்போது அப்பா பேப்பரைப் புரட்டாமல் உட்கார்ந்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

டாக்டருக்கு ஓர் அண்ணன். அவரும் ஓபோக்காரர். அண்ணனும் தம்பியும் சேர்ந்து வாசிப்பதற்கென்றே ஒரு டூயட் வைத்திருந்தார்களாம். இந்த இரண்டு வாத்தியத்துக்கு மட்டும் என்று பாட்டு எழுதினவர்கள் உலகத்திலேயே கொஞ்சம் பேர்தான் என்று சித்தப்பா சொல்வார். அந்தக் கொஞ்சத்தில் ஒன்று அது. அதன் ஸ்வரங்களை அச்சடித்த நோட்டுப் புஸ்தகம் அண்ணனிடம் தங்கிவிட்டது. அண்ணனும் அங்கேயே தங்கிவிட்டார். யுத்தம் முற்றிய பிறகு கடிதமும் நின்றுபோயிற்று.

அண்ணன் ஒருநாள் கப்பலில் வந்து இறங்கத்தான் போகிறார், இறங்கியதும் இருவரும் வாசிக்கத்தான் போகிறார்கள் என்று டாக்டர் நம்பினார். அதற்குள் விரல் மறந்துவிடக் கூடாதே! பம்பாயில் எங்கேயாவது அந்த நோட்டு இன்னொன்று இருந்தால் தேடிப்பிடித்து, அண்ணன் வரும்வரை அண்ணன் இடத்தில் சித்தப்பாவை வைத்து வாசித்துப் பழகிக்கொள்ள வேண்டும். இதுதான் ஏற்பாடு.

தேடும் வேலை சித்தப்பாவுக்கும் எனக்கும். என்னைக் கூட அழைத்துப்போனால் அப்பா கேள்வி கேட்க மாட்டார், எனக்கும் ஒரு ஃபலூடா கிடைக்கும். தாதரில் டிராம் ஏறுவோம். கோட்டைப் பகுதியில் பியானோ விற்கிற கடைகள், சோர் பஜாரில் பழைய புஸ்தக மூட்டைகள், ஊருக்குத் திரும்பும் வெள்ளைக்காரர்கள் வீட்டு ஏலம், ஒன்று விடவில்லை. பிடில் பாட்டு கிடைத்தது. சர்ச்சுப் பாட்டு கிடைத்தது. புல்லாங்குழல் இரண்டுக்கு என்று ஒரு கிழிந்த கட்டு கிடைத்தது. “வாங்கிப்போம்டீ, அவர் மொகத்தை வெறுங்கையோட எப்படிப் பார்க்கறது?” என்று சித்தப்பா அதையும் வாங்கினார். திரும்பி வரும்போது டாக்டர் வாசலிலேயே நின்றுகொண்டிருப்பார். எங்களுக்குள் பொதுவான பாஷை பம்பாய் ஹிந்திதான். “மிலா?” என்பார், கிடைத்ததா என்று. நான் உதட்டைப் பிதுக்குவேன். “கோயி பாத் நஹி” என்று அவர்தான் எனக்குச் சமாதானம் சொல்வார். புல்லாங்குழல் பாட்டை இருவரும் ஏதோ ஒப்பேற்றி வாசித்தார்கள். பாதியில் டாக்டர் நிறுத்திவிட்டு, இல்லை இல்லை என்று தலையாட்டுவார். பாவம், சித்தப்பா திருப்பித் திருப்பி மன்னிப்புக் கேட்பார், என்னமோ அவரே எழுதின பாட்டு மாதிரி!

யுத்தம் முடிந்தது. ஒரு மழைக்காலமும் போயிற்று. ஒருநாள் மத்தியானம் தபால்காரன் டாக்டருக்கு ஒரு பார்சல் கொண்டுவந்தான். சித்தப்பா அன்றைக்கு லீவில் இருந்தார். பல்வலி என்று கீழே போனவர், பல்வலியை மறந்து மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவிக்கொண்டு வந்தார். கையில் பழுப்பேறிய தாள்கள். அந்த டூயட்டேதான். இரண்டு பாகமும் இருந்தன, ஓரங்களில் பென்சில் குறிகளோடு.

“மன்னி! அவரோட அண்ணாவே அனுப்பியிருக்கார்! உசிரோட இருக்கார், மன்னி!”

“டாக்டர் சொன்னாரா?” என்றாள் அம்மா.

“அவருக்குப் பேச்சே வரலை. ஒரு லெட்டரும் வந்திருக்கு, ஜெர்மன்ல. படிச்சார், நோட்டை என் கையில குடுத்தார், உள்ள போயிட்டார். சந்தோஷத்துல மனுஷன் திக்குமுக்காடிப் போயிட்டார்.”

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்கும் ஒரு தம்பி பர்மாவுக்குப் போய்த் திரும்பவே இல்லை. மறுநாள் காலையில், ரேஷன் சர்க்கரை அவ்வளவையும் போட்டுப் பால் பாயசம் வைத்தாள். டாக்டருக்கு எது கொடுத்தாலும் தனியாக வைத்திருக்கும் பீங்கான் கோப்பையில்தான் கொடுப்பாள். அன்றைக்கு வெள்ளிக் கிண்ணத்தையே எடுத்தாள். “சிந்தாம கொண்டுபோய்க் குடுத்துட்டு வாடீ. அம்மாவுக்கு ரொம்ப சந்தோஷம்னு சொல்லு.”

நான் போனேன். கதவு சும்மா சாத்தியிருந்தது. சுவர்க் கண்ணாடியைப் படுக்கை விரிப்பு போட்டு மூடியிருந்தது. டாக்டர் நாற்காலியை விட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தார். சவரம் செய்துகொள்ளவில்லை. சட்டை மார்புப் பக்கம் ஒரு சாண் கிழிந்து தொங்கியது.

பல வருஷம் கழித்து, நான் காலேஜில் படிக்கும்போது, பைக்குலாவில் என்னோடு படித்த ஒரு யூதப் பெண்ணின் தகப்பனார் தவறிப்போனார். துக்கம் கேட்கப் போனேன். கண்ணாடி மூடியிருந்தது. அவள் கிழித்த துணியோடு தரையில் உட்கார்ந்திருந்தாள். இதெல்லாம் யூதர்கள் துக்கம் காக்கும் முறை என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அண்ணன் நாஜி முகாமில் செத்துப்போனார் என்பதும், அவர் ஒளித்துவைக்கக் கொடுத்திருந்த நோட்டைப் பக்கத்து வீட்டம்மாள்தான் தபாலில் அனுப்பினாள் என்பதும் சித்தப்பாவுக்கே பார்சல் வந்து பத்துப் பதினைந்து நாள் கழித்துத்தான் தெரிந்திருந்தது. அந்தத் தாள்களை அவர் டாக்டரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவர்கள் இருவரும் அதை ஒருநாளும் வாசிக்கவில்லை.

பாயசம் கொண்டுபோன அன்றைக்கு எனக்கு என்ன தெரியும்? டாக்டர் மாமா நம்மளவா மாதிரி தரையில் உட்காரக் கற்றுக்கொண்டுவிட்டார் என்று ஒரே பூரிப்பு. ஆனால் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாரே, அது தப்பு அல்லவா? எதிரில் உட்கார்ந்து, “ஐஸா நஹி, ஐஸா” என்று சம்மணம் போட்டுக் காட்டினேன்.  அவர் ஒவ்வொரு காலாக, வலிக்க வலிக்க மடக்கிக்கொண்டார். நான் நீட்டிய பாயசத்தை இரண்டு கையாலும் வாங்கி, ஒரு வாய் குடித்தார்.

“அச்சா ஹை?” என்றேன்.

“பஹுத் அச்சா” என்றார்.

மாடிக்கு ஓடி, சட்டை கிழிந்திருக்கும் செய்தியை அம்மாவிடம் சொன்னேன். “ஐயோ, தனியாள், யார் தெச்சுக் குடுப்பா? வாங்கிண்டு வா” என்றாள். மறுபடி இறங்கிப் போய்க் கையை நீட்டினேன். டாக்டர் அந்தக் கிழிசலைக் கையால் அழுத்தி மூடிக்கொண்டு, வேண்டாம் என்று தலையாட்டினார்.

மாமாவுக்கு வெட்கமாக இருக்கிறது என்று அம்மாவிடம் வந்து சொன்னேன்.