கால் விரலில் நான் போட்ட கட்டு

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். சொல்லிக்கொள்ள வெட்கமில்லை, ஊரே சொல்லும். அன்று காலை, முந்தின நாள் குடித்துவிட்டு வந்ததற்காக என் வீட்டுக்காரரை, “இனி இந்த வாசப்படிய மிதிக்காதீக, எங்கயாச்சும் போய்த் தொலைங்க” என்று ஏசினேன். அவர் பருத்திக்காட்டுக்கு மருந்தடிக்கப் போனார். மத்தியானம் வரப்பில் பிணமாகக் கிடந்தவரைத் தூக்கி வந்தார்கள். பக்கத்தில் மருந்து டப்பா கிடந்ததாம். மருந்தைக் குடித்துவிட்டார் என்பதற்கு எங்கள் கான்சாபுரத்தில் அதற்கு மேல் யாருக்கும் சாட்சி வேண்டியிருக்கவில்லை.

“ஏட்டி, ஒன் வாயாலதான் எந்தம்பி போயிட்டான்” என்று பக்கத்து வீட்டு நாத்தனார் மாரில் அடித்துக்கொண்டார். நானும் அப்படித்தான் நம்பினேன்.

ராஜபாளையம் மில்லில் வேலை பார்க்கும் மகள் வந்து சேர்வதற்குள் குளிப்பாட்டி, வேட்டி மாற்றி, வழக்கப்படி கால் பெருவிரல் இரண்டையும் சேர்த்துத் துணியால் கட்டிவிட்டோம். கட்டியது நான்தான். உடுத்தியிருந்த துணியை வாய்க்காலில் விட்டாயிற்று. பொழுது சாய்வதற்குள் எரித்துவிட எல்லோருக்கும் அவசரம். அதற்குள் தகவல் போய் போலீஸ் வந்துவிட்டது.

“மருந்து குடிச்சாருன்னு சொல்லுதீக. அறுத்துப் பாக்காம விட முடியாதும்மா” என்றார் ஏட்டு. அவர்மேல் மண்ணை வாரித் தூற்றினேன். இன்று எதிரே வந்தால் கையெடுத்துக் கும்பிடுவேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் சின்ன வயதுப் பெண். பிணவறையிலிருந்து வெளியே வந்து, “யார் குளிப்பாட்டினது? போட்டிருந்த துணி எங்க?” என்று கடுகடுத்தார். “உடம்பும் துணியும்தான் எனக்குச் சாட்சி. எல்லாத்தையும் கழுவிட்டீங்களே!” பிறகு என்னிடம், “காலையில என்ன சாப்பிட்டார்?” என்றார்.

“ஏச்சுதாம்மா” என்றேன். அவர் திரும்பி உள்ளே போனார்.

ஒரு மணி நேரம் கழித்து என்னை மட்டும் கூப்பிட்டார். விரல் கட்டை அவிழ்த்த பிணவறை ஊழியர்தான் கண்டாராம். பெருவிரலின் உள்பக்கம், என் துணி மூடியிருந்த இடத்தில், இரண்டு புள்ளி. அங்கே கீறிப் பார்த்ததில் தோலுக்கடியில் ரத்தம் கருத்துக் கட்டியிருந்தது. வயிற்றில் மருந்து வாடையே இல்லை.

“பாம்புக்கடி மாதிரிதான் தெரியுது. ஆனா குடலையும் ஈரலையும் லேபுக்கு அனுப்பியிருக்கேன். ரிப்போர்ட் வராம எழுத மாட்டேன். அதுவரைக்கும் நீங்களும் எதையும் முடிவு கட்டிக்காதீங்க.”

எனக்கு ஆத்திரமாக வந்தது. கண்ணால் பார்த்ததை எழுத என்ன தயக்கம்? ஆனால் தாலி அறுத்த வீட்டில், முகம் கொடுக்காத உறவுக்காரர்களுக்கு நடுவே, அந்தச் சில மாதங்களை அவர் சொன்னதைப் பிடித்துக்கொண்டுதான் கடந்தேன்.

ரிப்போர்ட் வந்தது. உடம்பில் பூச்சிமருந்து இல்லை. சாவு பாம்புக்கடியால். மகளை வாசலில் நிறுத்தி, பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி இரண்டு தடவை வாசிக்கச் சொன்னேன். சாயங்காலம் நாத்தனார் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து அழுதார். அன்று என் வாய்க்கு வேலையில்லை.

அடுத்த வாரம் பால்கோவா வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டருக்கு மாற்றல் ஆகியிருந்தது. கட்டை அவிழ்த்த ஊழியரிடம் கொடுத்தேன். அவர் போய்க் கை கழுவிவிட்டு வந்து, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

“இந்த எடத்துக்கு யாரும் இனிப்பு கொண்டு வந்ததில்லம்மா” என்றார். பொட்டலத்தைப் பிரிக்காமல் கேட்டார்: “இப்பவாச்சும் தூங்குதீகளா?”

“தூங்குதேண்ணே” என்றேன்.