என் தொட்டியில் ஊரார் கழிப்பு

திண்டிவனத்தில், பஸ் நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் மதியச் சாப்பாட்டு மெஸ் நடத்துகிறேன். வீடு விழுப்புரத்தில். மெஸ் வாசலில் சக்கரம் வைத்த பச்சைக் குப்பைத்தொட்டி நிற்கிறது. கடைக்காரர் சொந்தத் தொட்டி வைக்க வேண்டும், அதில் என்ன கிடந்தாலும் அவரே பொறுப்பு என்பது எங்கள் தெருவில் விதி. என் குப்பை வாழை இலையும் காய்கறித் தோலும்தான். ஆனால் மூடியைத் திறந்தால் கோழி இறகு இருக்கும், சலூன் முடி இருக்கும், குழந்தைகளின் டயப்பர் சுருண்டு கிடக்கும். சோறு போடுகிற இடத்தில் முடி! எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள் ஒருவரைக் கையும் களவுமாகப் பிடித்தேன். தினமும் என்னிடம் சாப்பிடுகிற செல்போன் கடைக்காரர். வீட்டுக் குப்பையை பைக்கில் கொண்டுவந்து போட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னா தம்பி இது?"

"உங்க தொட்டிதானக்கா, பெருசாத்தான கீது. ஒரு ஓரமா போட்டுக்கினு ஜல்தியா போயிடறேன்" என்றார்.

மதியம் அவருக்கே ரசம் ஊற்றினேன். சாப்பிட வருகிறவரிடம் எவ்வளவு கத்த முடியும்?

பூட்டுப் போட்டுப் பார்த்தேன். குப்பை வண்டி விடியற்காலையில் வந்துவிடும். நான் விழுப்புரத்திலிருந்து வந்து சேர்வதற்குள் வெயில் ஏறிவிடும். பூட்டிய தொட்டியை யார் காலி செய்வார்கள்? நாற்றம் தாங்காமல் நானே பூட்டைக் கழற்றினேன். சாவியை அக்கம்பக்கத்தில் கொடுத்து வைக்கலாம் என்றால், கொடுக்கக்கூடியவர்கள் எல்லாரும் என் தொட்டியில் குப்பை போடுகிறவர்கள்.

பிறகு சுகாதார ஆய்வாளர் வந்தார். மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "இன்னொரு வாட்டி இப்படிக் கலந்து கெடந்துச்சின்னா மெஸ்ஸ மூடிடுவேன்மா" என்றார். என் வீட்டுக்காரர் தவறிய பிறகு எங்கள் வீட்டு அடுப்பு எரிவதே இந்த மெஸ்ஸால்தான். 

அன்று மாலை ஒரு காரியம் செய்தேன். எலுமிச்சம்பழத்தை இரண்டாக அறுத்து, குங்குமம் தடவி, காய்ந்த மிளகாயோடு தொட்டி மூடிமேல் வைத்துவிட்டு பஸ் ஏறினேன். திருஷ்டி கழித்துப் போட்டதை எங்கள் பக்கத்தில் கழிப்பு என்போம். அதை யாரும் தாண்டக்கூட மாட்டார்கள். மறுநாள் தொட்டியில் புதிதாக ஓர் இறகுகூட இல்லை! எனக்குத் தலைகால் புரியவில்லை. குப்பை வண்டியும் தொட்டியைத் தொடாமல் போயிருக்கிறது என்பதை அந்தச் சந்தோஷத்தில் கவனிக்கவில்லை.

கண் பட்டது, காய்ச்சல் என்று கழிப்புக் கழிப்பவர்களுக்கு முச்சந்திவரை போவது பேஜாரு. இங்கே போடலாம் போலிருக்கிறது என்று நினைத்துவிட்டார்கள். அந்த வாரத்திலேயே மூடிமேலும் உள்ளேயும் எலுமிச்சம்பழங்கள், உடைத்த பூசணிக்காய், உப்புப் பொட்டலம், கறுப்புக் கயிறு. கழிவு போட்டவர்கள் நின்றுபோனார்கள், கழிப்புப் போடுகிறவர்கள் வந்தார்கள். அடியில் என் வாழை இலைகள் அழுகிக்கொண்டிருந்தன. ஆய்வாளர் மறுபடி வரப்போகிறார் என்று தெருவில் பேச்சு.

ஒருநாள் மட்டும் இருட்டோடு கிளம்பி வந்து, குப்பை அள்ளும் அம்மாவைப் பிடித்தேன்.

"நான் அள்ள மாட்டேன்க்கா. எனக்கும் புள்ளைங்க கீதுங்க" என்றாள்.

"சும்மா பயமுறுத்த நான்தாம்மா வெச்சேன். வெறும் பழம் அது."

"நீங்க வெச்சது ஒண்ணுதான? மத்ததெல்லாம் மெய்யாலுமே கழிச்சதாச்சே. உங்களுது எதுன்னு காட்டுங்க, அத்த மட்டும் எடுத்துக்கிறேன்."

குனிந்து பார்த்தேன். எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன. வசமாக மாட்டிக்கொண்டேன் என்று அப்போதுதான் உறைத்தது.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டுதான் தொட்டிக்குள் விட்டேன். இது யார் வீட்டுக் காய்ச்சலோ, இது யார் பெண்ணுக்குக் கழித்ததோ என்று நினைத்தபடியே பொறுக்கினேன். பெரிய துணிக்கடைப் பை ஒன்று நிறைந்தது. மிச்சத்தை அந்த அம்மா அள்ளிப்போனாள். பகலில் வந்த ஆய்வாளர் தொட்டியைப் பார்த்துத் தலையாட்டினார். "இப்படியே வெச்சிக்கினு இருந்தா ஒரு தொந்தரவும் இல்லமா."

பை மட்டும் என்னிடம் இருந்தது. மெஸ்ஸை அடைத்துவிட்டு அதைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக நடந்தேன். முச்சந்தியில் கூட்டம்; ஒரு பை நிறையக் கழிப்பைக் கொட்டினால் சும்மா விடுவார்களா? மருந்துக்கடைத் தொட்டியில் பூட்டு. துணிக்கடைத் தொட்டியில் பூட்டு, மேலே கேமரா வேறு. லாட்ஜ் தொட்டி கம்பிக் கதவுக்கு உள்ளே. அங்கெல்லாம் விடியற்காலையில் பூட்டைத் திறக்க ஆள் தங்குகிறார். ஏரிக்கரையிலோ குப்பை கொட்டாதே என்ற பலகையும் அதன் கீழே காவலுக்கு ஒருவரும்.

பையோடு விழுப்புரம் பஸ் ஏறினேன். சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு ஜன்னலைப் பார்த்தபடி இருந்தேன். ஊர் நெருங்கி முண்டியம்பாக்கம் தாண்டியதும் பையைக் காலால் இன்னும் உள்ளே தள்ளினேன். கழிப்பைப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பார்கள். விழுப்புரத்தில் இறங்கி, நானும் திரும்பிப் பார்க்காமல் விறுவிறுவென்று நடந்தேன்.

"யம்மா! பைய உட்டுட்டுப் போறீங்களே!"

கண்டக்டர் ஓடிவந்து கையில் கொடுத்தார். நல்ல மனிதர், மூச்சு வாங்கியது அவருக்கு. "பத்திரமா பாத்துக்கோங்கம்மா" என்றார். சரிங்க என்று வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்குள் கொண்டுபோக மனம் வரவில்லை. வெளியே முருங்கை மரத்தில் மாட்டினேன். காலையில் அதே பையோடு திண்டிவனம் பஸ் ஏறினேன். அந்த வட்டாரத்தில் பூட்டில்லாத தொட்டி என்னுடையது ஒன்றுதான்.