ஏழாம் காட்டின் பச்சை விளக்கு

ஓய்வுபெற்ற பின் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு ஜாவா நிரல்மொழியில் ஓர் இணையப் பக்கம் எழுதிக் கொடுத்தேன். காடு என்று நாங்கள் சொல்லும் தேயிலைப் பகுதிகளில் மருந்தடித்ததற்குத் திரையில் சிவப்பு விளக்கு, கொழுந்தெடுக்கலாம் என்றால் பச்சை. விதி கேட்ட சோதனையை நானே செய்து, ஒப்புதலும் நானே கொடுத்தேன்.

பனிமூட்டமான ஒரு காலையில் கங்காணி லெட்சுமி போன் செய்தார்.

"ஏழாம் காடு பச்சைன்னு காட்டுது ஐயா. ஆனா மருந்து வாடை அடிக்குதே லா."

"திரை பொய் சொல்லாதும்மா. இறங்குங்க."

போனை வைத்த பிறகு மனம் கேட்காமல் நிரலைத் திறந்தேன். ஆறாம் காட்டுக்கான வரிகளை நகலெடுத்து ஏழாம் காட்டுக்கு ஒட்டியிருந்தேன். பெயரை மாற்றியவன், விளக்கின் இணைப்பை மாற்றவில்லை. ஏழின் விளக்கு ஆறின் நிலையைக் காட்டிக்கொண்டிருந்தது.

உடனே அழைத்தேன். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. நாலாவது முறைதான் எடுத்தார்.

"உங்க திரைக்கு மூக்கு இல்லீங்களே ஐயா. கொழுந்தெடுக்க வந்த பதினோரு பேரையும் ரோட்டுலயே நிறுத்திட்டேன்."

இப்போதெல்லாம் யாராவது என் சொல்லை உடனே நம்பினால் எனக்குப் பயமாக இருக்கிறது.