பூந்தொட்டிக்கு அடியில்

ஒரு பிடி மண்ணை முகர்ந்தே அதன் கோளாறைச் சொல்லிவிடுவார் என்பதால், அந்த மண் பரிசோதகருக்கு ‘மூக்கர்’ என்று பெயர். அவருடைய மனைவியின் தம்பி பழைய சாயப்பட்டறையை விற்றபோது, வாங்கும் அம்மாளுக்காகச் சோதிக்கப் போனவரும் அவர்தான். கழிவுக்குழி இருந்த மூலை முழுக்கப் பூந்தொட்டிகள், எல்லாம் புத்தம் புதுசு.

“அதையெல்லாம் எதுக்கு மாமா நகத்திக்கிட்டு?” என்று மைத்துனன் சிரித்தான்.

வீட்டில் யார் வாங்கிக் கட்டிக்கொள்வது என்று மூக்கர் வாசலோரம் மட்டும் துளைபோட்டு, மண் சுத்தம் என்று எழுதிக்கொடுத்தார்.

இப்போது அங்கே குழந்தைகள் காப்பகம் நடக்கிறது.

“நீங்க சொன்ன தைரியத்துலதான் சார் கிணறே வெட்டினேன், குடிங்க” என்று, அந்தப் பக்கம் வந்த மூக்கரிடம் அந்த அம்மாள் டம்ளரை நீட்டினாள். வேறு யாருக்கும் தெரியாத சாய நெடி அவர் மூக்கில் சுள்ளென்று ஏறியது.

“தாகமில்லம்மா.”

வீணாக்குவானேன் என்று அவளே அதைக் குடித்தாள்.