நலமடித்தவர்

துணுக்காய்ப் பக்கத்தில் மாடு வைத்திருந்தவர்களுக்கெல்லாம் இளையதம்பியரைத் தெரியும். நாற்பது வருடமாக நாம்பன் மாடுகளைக் கிடத்திக் கட்டி, விதையை இரண்டு பாலைத்தடிகளுக்கு நடுவில் வைத்து நசுக்கி, நலமடித்து விட்டவர் அவர்தான்.

தொண்ணூற்றெட்டில், அறுபத்தெட்டு வயதில், அவருக்கு ஒரு சொட்டு மூத்திரமும் போகாமல் சலம் அடைத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் குழாய் விட்ட பிறகுதான் மூச்சு வந்தது. வந்ததும் அழுதார்.

"வாயில்லாச் சீவனுகளின்ர பாவம், டொக்டர். அதே இடத்தில பிடிச்சிட்டுது."

"பாவமும் இல்லை, கீவமும் இல்லை, ஐயா. சலப்பைக்குக் கீழ ஆம்பிளையளுக்கு ஒரு சுரப்பி இருக்கு. வயசு போக அது வீங்கிச் சலம் போற வழியை நெரிக்கும்."

"ஏன் வீங்குது?"

"விதையில ஊறுற ஆண் ஹோர்மோனாலதான். வயசோட அது குறைஞ்சாலும், மிச்சம் இருக்கிறதே இதை வளர்க்கப் போதும். சின்ன வயசிலேயே விதை எடுபட்ட ஆம்பிளைக்கு இந்த வருத்தம் வராது."

டொக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். மருமகன் வந்து இளையதம்பியரை மாட்டு வண்டிலில் ஏற்றினார்.

பாதி வழியில், வண்டிலில் பூட்டியிருந்த, அவர் கையாலேயே நலமடித்த வெள்ளையன், நிற்கக்கூடச் செய்யாமல், நடந்தபடியே சலம் விட்டது. செம்மண் ரோட்டில் அது வளைந்து வளைந்து நீண்டுகொண்டே போனது. இளையதம்பியர் அதைப் பார்த்தார். மடியில் கிடந்த குழாயையும் சலம் வடியும் பையையும் பார்த்தார்.

"அட கோதாரி," என்றார், "உனக்குத்தானடா நலம் அடிச்சிருக்கு!"