சுருட்டைப் புழுவும் நான் எரித்த பெட்டியும்

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் குளவி என்ற சொல்லை யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. என் மனைவியின் அண்ணன், அதாவது என் மச்சான், எங்களுக்கு அடுத்த காம்பராவில் இருக்கிறார். அவருடைய மனைவி மேல் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தபோது குளவி கலைந்து கொட்டியது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், லொறியிலேயே உயிர் போய்விட்டது. அதற்குப் பிறகு பெண்கள் “அது கட்டியிருக்கு அந்த மரத்துல” என்று கையைக் காட்டுவார்களே தவிர, பேரைச் சொல்ல மாட்டார்கள்.

அதற்கு அடுத்த வருஷம் தோட்டத்தில் மலையைப் பிரித்துக் குடும்பங்களுக்குக் கொடுத்தார்கள். நிலம் நமக்குச் சொந்தமில்லை. செடியைப் பார்த்துக்கொண்டு, கொழுந்தைப் பறித்து, தேயிலைத் தூள் அரைக்கும் ஸ்டோருக்குக் கொடுக்க வேண்டும். செடி கெட்டுக் கொழுந்து குறைந்தால் திரும்ப எடுத்துக்கொள்வார்கள் என்று அன்றைக்கே சொல்லித்தான் கொடுத்தார்கள். எங்களுக்கு ஒரு துண்டு, அதற்குக் கீழே மச்சானுக்கு ஒரு துண்டு, நடுவில் மழைத்தண்ணீர் ஓடும் ஒரு கான்.

அந்தத் துண்டால் எங்கள் வீட்டில் பெரிய மாற்றம் வந்தது. என் மனைவிக்கு முதுகெலும்பில் தேய்மானம். காலையில் ஆள் எண்ணி வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்தால் கங்காணி சொல்லும் வேகத்தில் ஏற வேண்டும். எங்கள் துண்டில் வலிக்கும்போது கூடையை இறக்கி வைத்துவிட்டு உட்காரலாம். உட்கார்ந்திருப்பதை யாரும் கேட்க முடியாது. இது கையை விட்டுப் போனால் மறுபடி பெரட்டுக்குப் போகத் தன்னால் முடியாது என்று அவள் ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். அதை நான் மறக்கவே இல்லை.

மழை பின்தங்கிப்போன ஒரு மாசியில் சுருட்டை ஏறியது. இரண்டு மூன்று இலையைப் பட்டு நூலால் ஒட்டிச் சுருட்டிக்கொண்டு, உள்ளே இருந்து தின்னும் பச்சைப் புழு. முதலில் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தது. பத்து நாளில், கான் ஓரத்துச் செடிகளைத் தூரத்திலிருந்து பார்த்தால் தீய்ந்ததுபோல் தெரிந்தது. காற்று அடிக்காதபோது காது கொடுத்தால் இலைக்குள் மெல்லிய சுரண்டல் கேட்கிற மாதிரி எனக்கு இருக்கும். மனைவி அப்படி ஒன்றும் கேட்கவில்லை என்றாள்.

தோட்டத்து மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கு ஐயா வந்து பார்த்துவிட்டு, சுருண்ட இலை கொஞ்சத்தைப் போத்தலில் போட்டு ஒபீசுக்குக் கொண்டுவரச் சொன்னார். ஜாம் போத்தலில் போட்டு, வாயைத் துணியால் கட்டிக்கொண்டு போனேன். அவர் நுவரெலியாவில் கூட்டத்துக்குப் போயிருந்தார். யாரிடம் கொடுப்பது என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஒபீஸ் வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பிவிட்டேன். நான் அப்படித்தான். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். நாலு பேர் இருக்கிற இடத்தில் எனக்குப் பேச்சு வராது.

போத்தல் வீட்டிலேயே கிடந்தது. சில நாள் கழித்து எடுத்துப் பார்த்தபோது ஒரு புழு வெறும் தோலாகக் கிடந்தது. உள்ளிருந்ததை யாரோ உறிஞ்சி எடுத்ததுபோல் சப்பிப்போயிருந்தது. பக்கத்தில் பழுப்பு நிறத்தில் சின்னச் சின்னக் கூடுகள், நெல்மணியை விடச் சிறியவை. அவற்றைத் தொடவே எனக்குக் கூசியது. இன்னும் ஒரு வாரத்தில் கூடுகள் திறந்து, நூல்போன்ற இடுப்பும் உடம்பை விட நீளமான வாலுமாகத் தேன் நிறப் பூச்சிகள் போத்தலுக்குள் நடந்துகொண்டிருந்தன. அந்த இடுப்பைப் பார்த்ததும் என்ன சாதி என்று தெரிந்துவிட்டது. கொசுவை விடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். ஆனாலும் குளவி.

இந்தத் தடவை கண்டாக்கு ஐயா தனியாக மோட்டார் சைக்கிளில் வந்தபோது, ரோட்டிலேயே நிறுத்திப் போத்தலைக் காட்டினேன். அவர் தூக்கிப் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார்.

“இது நம்ம ஆளுப்பா” என்றார். புழுவின் உடம்புக்குள் முட்டை வைக்கும், குஞ்சு அந்தப் புழுவைத் தின்றே வளரும், மனிதரைக் கொட்டாது, அந்தக் காலத்தில் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து இந்த மலைகளில் விட்டது என்று சொன்னார். மருந்து அடித்தால் புழுவுக்கு முன்னால் இதுதான் சாகும், அதனால் யாரும் அடிக்கக் கூடாது என்றார். “ஒன் மச்சான்கிட்டயும் மத்தவங்ககிட்டயும் நீயே சொல்லிரு. நான் சொன்னா நெசம்னு நம்ப மாட்டாங்க, மருந்து குடுக்க மனசில்லாம சொல்றேம்பாங்க.”

சொல்கிறேன் என்று தலையாட்டினேன்.

சொல்லவில்லை. மனைவியிடம் மட்டும் சொன்னேன். அவள், அண்ணனிடம் எந்த வாயால் இதைச் சொல்வது என்று கேட்டாள்.

எங்கள் பக்கத்தில் சுருட்டை ஏறினால் செய்கிற வேலை ஒன்று உண்டு. சுருண்ட இலைகளைக் கையால் பறித்து, ரோட்டோரமாகக் குவித்து எரிப்போம். எல்லாரும் அப்படித்தான் எரித்துக்கொண்டிருந்தார்கள். அந்த நெருப்பில் புழுவோடு உள்ளே இருக்கும் குளவிக் குஞ்சும் எரிகிறது என்று எனக்கு மட்டும் தெரிந்திருந்தது. அதனால் எங்கள் இலையை எரிக்காமல், பழைய பலகையில் ஒரு பெட்டி அடித்து அதற்குள் போட்டேன். ஸ்டோரில் தூள் சலித்துக் கழித்துப் போட்ட கம்பி வலையை மேலே வைத்துக் கட்டினேன். குளவி அந்த வலைக் கண்ணில் நுழைந்து வெளியே போய்விடும், புழுவிலிருந்து வருகிற தடித்த அந்துப்பூச்சி உள்ளேயே கிடந்து சாகும். பெட்டியைத் துண்டின் நடுவில், செடிகளுக்குள் மறைத்து வைத்தேன். மறைத்து வைத்ததுதான் தப்பு.

வெயிலில் வலையின் மேல் அவை வந்து உட்கார்ந்து, வாலை நீட்டி நீட்டி அசைக்கும். பிறகு செடிக்குள் இறங்கிவிடும். கான் ஓரத்தில் புதுச் சுருட்டு குறைவதுபோல் தெரிந்தது. என் மனைவி அதைக் கவனித்தாள். ஆனால் நல்ல சேதி என்று அவள் முகம் தெளியவில்லை. கீழே அண்ணன் துண்டைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அங்கே செடிகள் காவி நிறமாகிக்கொண்டிருந்தன.

மச்சான் ஒரு பகலில், எங்கள் பக்கம் மட்டும் எப்படிப் பச்சையாக இருக்கிறது என்று பார்க்கத்தான் மேலே ஏறி வந்தார். கையில் ஒரு போத்தல். நுவரெலியாப் பக்கம் கோவாக் காய்கறித் தோட்டத்துக்கு அடிக்கிற மருந்து. தோட்டத்தில் பல வருஷம் மருந்து டேங்க் தூக்கியவன் நான். இரண்டு துண்டுக்கும் நான்தான் அடிக்க வேண்டும் என்று கேட்க வந்திருக்கிறார். வந்தவர் கண்ணில் பெட்டி பட்டது.

குனிந்து பார்த்தார். வலையில் நாலைந்து உட்கார்ந்திருந்தன. அவருடைய முகம் மாறியதை நான் பார்த்தேன்.

“என்ன மாப்ள இது?”

நான் வலையைச் சரிசெய்வதுபோல் குனிந்தேன்.

“வளக்குறியா?” என்றார். அவர் சத்தம் போடவில்லை. “அவளத் தின்ன சாதிய, பொட்டி அடிச்சு, என் தங்கச்சி கொழுந்தெடுக்குற எடத்துல வச்சு வளக்குறியா?”

கொட்டாது என்ற ஒரு சொல் போதும். கண்டாக்கு ஐயா சொன்னது முழுவதும் என் மனதில் வரிசையாக இருந்தது. மச்சானின் கண் என் மேலேயே இருந்தது. அன்றைக்கு நானும் கூடப் போன லொறியில், அவருடைய மனைவியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு இதே கண்ணோடுதான் என்னைப் பார்த்தார். அவர் எரிக்கச் சொல்லவில்லை. நானே போய் மண்ணெண்ணெய் எடுத்து வந்தேன். ஊற்றினேன். நானே பற்றவைத்தேன். மனைவி கூடையோடு மேலே நின்று பார்த்தாள்.

மறுநாள் டேங்கைத் தூக்கினேன். முதலில் எங்கள் துண்டு, பிறகு மச்சானுடையது. மச்சானுக்குச் சந்தோஷம். “மாப்ள கை பட்டாப் புழு தற்கொலை பண்ணிக்கும்” என்று லயத்தில் சொல்லிச் சிரித்தார்.

புழு செத்து நூலில் தொங்கியது. அது உண்மை. ஆனால் அதோடு சிலந்தியும் போனது, செடிக்கடியில் ஓடும் சின்ன வண்டும் போனது. ஒரு மாதம் வரைக்கும் அந்த இரண்டு துண்டிலும் எதுவுமே பறக்கவில்லை. செடிகள் துளிர்த்தன. எல்லாரும் நல்லாயிருக்கிறது என்றார்கள். எனக்கு அந்த இடத்தில் தனியாக நிற்கப் பயமாக இருந்தது.

பிறகு கீழ்க் காட்டோரத்திலிருந்து அந்துப்பூச்சிகள் வந்து முட்டை வைத்தன. தடுக்க ஆள் இல்லை. இந்தத் தடவை கான் ஓரம், நடு என்று கணக்கில்லை. கீழே மச்சான் துண்டில் ஆரம்பித்து, கொழுந்து விடுவதற்குள் சுருட்டிவிட்டது. பறிக்கப் போன பெண்கள் பாதிக் கூடையோடு திரும்பினார்கள்.

கண்டாக்கு ஐயா வந்தார். மச்சானும் நானும் கான் பக்கத்தில் நின்றோம். இலையை முகர்ந்தார், சுருட்டைப் பிரித்துப் பார்த்தார். மருந்து அடித்தீர்களா என்றார். அடித்தோம் என்று மச்சான் சொன்னார். யார் அடிக்கச் சொன்னது என்று கேட்டுவிட்டு, ஐயா என்னைத்தான் பார்த்தார். அவர் ரோட்டில் சொன்னதை நான் யாரிடமும் சொல்லவில்லை என்று அந்த நிமிஷம் அவருக்குத் தெரிந்துவிட்டது. நான் வாயைத் திறந்து சொல்ல வேண்டிய கடைசி இடம் அதுதான்.

“நாந்தாங்க” என்றார் மச்சான். “மருந்து வாங்கினது நானு, அடிக்கச் சொன்னதும் நானு. அவரு பாவம், சொன்னதச் செய்ற ஆளு.”

அடுத்த வாரம் மச்சானுடைய துண்டைத் தோட்டம் திரும்ப எடுத்துக்கொண்டது. செடியைத் தேற்றிக் காட்ட எங்களுக்கு ஒரு மாதம் தவணை கொடுத்தார்கள். மனைவி அண்ணன் வீட்டுக்குப் போய் அழுதுவிட்டு வந்தாள். என்னோடு அதைப் பற்றிப் பேசவில்லை. சுருண்ட இலையை எரிக்காமல் பெட்டி வைக்கலாம் என்றால், உள்ளே வைக்கக் குளவி இருக்கும் இலை இப்போது இரண்டு துண்டிலும் இல்லை. பிரித்த இலையில் எல்லாம் கொழுத்த புழுதான் இருக்கிறது.

மச்சான் மறுபடி பெரட்டுக்குப் போகிறார். காலையில் எங்கள் துண்டு வழியாகத்தான் நடக்க வேண்டும். நேற்று நின்றார்.

“என்ன மாப்ள, சுருட்டை இன்னும் மேல ஏறுதா?”

“இல்ல மச்சான்” என்றேன்.

“அது போதும். தங்கச்சியாவது குந்தி எந்திரிக்கட்டும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் வளைவைத் தாண்டும்வரை நான் அந்தச் செடியை விட்டு நகரவில்லை. அதன் உச்சிக் கொழுந்து சுருண்டிருந்ததை என் முதுகால் மறைத்துக்கொண்டு நின்றேன்.